ஓரத்தில் எழுதக் கூடாது

அந்த வரி களிமண்ணுக்கும் நீருக்கும் நடுவில், அழைக்காத விருந்தாளிபோல் காலை மடித்து உட்கார்ந்திருந்தது.

‘களிமண்ணுக்குள் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றில் நீர் நிறைந்திருக்கும். எனக்கு இடம் போதவில்லை. மேலே சுமை ஏறும்போது இந்த நீர் மெல்ல வெளியேறும்.’

டேப்பு அதை மூன்று முறை படித்தான். அவன் கையெழுத்துதான். அவன் பேனாவின் நீல மைதான். அவசரத்தில் எழுதினால் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற அவனுடைய எழுத்துகள், பஸ்ஸைப் பிடிக்கிற கூட்டம் மாதிரி, அந்த வரியிலும் அப்படியே ஓடியிருந்தன. ஆனால் எழுதிய ஞாபகம் இல்லை. அது ஒன்றும் அதிசயம் இல்லை. அந்த நோட்டில் இருந்த எந்த வரியையும் எழுதிய ஞாபகம் அவனுக்கு இல்லை. அதுதானே அவனுடைய பிரச்சினை.

மணி காலை ஆறரை. ஜன்னலில் வெளிச்சம் வந்த பிறகும் மேசை விளக்கு அசட்டுத்தனமாக எரிந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மண் இயக்கவியல் மூன்றாம் தேர்வு. முதல் இரண்டிலும் அவன் கவிழ்ந்தாகிவிட்டது. இதிலும் கவிழ்ந்தால் ஆண்டிறுதித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். மூன்றாம் ஆண்டை முதலிலிருந்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, அதே பெஞ்சில், அதே சாரிடம் மறுபடி கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் நாற்பத்தொரு பேரும் படிப்பது அவனுடைய நோட்டைத்தான். சார் வாயைத் திறந்தால் இவன் பேனாவைத் திறப்பான். சார் வாயை மூடும்வரை மூடமாட்டான். பாடம், அதட்டல், தும்மல், ‘யாரய்யா அது, கதவைச் சாத்து’ எல்லாம் ஒன்று விடாமல் தாளில் ஏறிவிடும். டேப் ரெக்கார்டர் என்று ஆரம்பித்த பட்டப்பெயர் இரண்டாம் ஆண்டுக்குள் தேய்ந்து டேப்பு ஆகிவிட்டது. தேர்வுக்கு முந்தின வாரம் அவன் நோட்டை வாங்கிப் பிரதி எடுத்து, மற்ற எல்லோரும் தேறிவிடுவார்கள். இந்தப் பாடத்தில் இவன் மட்டும் தேறுவதில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பல்லிக்காவது வால் போனால் முளைக்கும்.

“என்னடா, விடிஞ்சும் விளக்கு எரியுது?” அக்கா வந்தாள். ஈரத்தலையில் துண்டு, பல்லிடுக்கில் ஹேர்பின். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சிகள் சொல்வதை அவர்கள் சொல்லி முடிக்குமுன் எழுதி முடிக்கிறவள்.

“படிக்கிறேன்.”

“படிக்கிறியா, பாத்துக்கிட்டு இருக்கியா?” நோட்டைப் பிடுங்கி ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். “‘இந்தச் சமன்பாடு மிக முக்கியம். மூணாவது பெஞ்ச், அங்க என்ன சிரிப்பு. இருமல். மறுபடியும் சொல்றேன், மிக முக்கியம். இருமல்.’ ஏன்டா, இருமலை எதுக்குடா எழுதுற? ‘ஏதேனும் ஒரு முறை இருமுக’ன்னு கேள்வி வருமா?”

“கை தானா எழுதுதுக்கா. நான் என்ன பண்றது?”

“கை தானா எழுதுறது என் பொழைப்பு. அதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. சாயங்காலம் வந்து இன்னிக்கு என்ன வழக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. காதுல விழுந்தது நேரா கைக்குப் போயிடும், நடுவுல நான் இல்லை. நீ படிக்கிற புள்ளை. நடுவுல நீ இருக்க வேணாமா?”

அவனுக்குச் சுள்ளென்றது. இதே அறிவுரையை அவன் தனக்குத்தானே நூறு முறை சொல்லிக்கொண்டிருக்கிறான். அதையும் ஏதோ ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

அக்கா மேசையிலிருந்த புது நோட்டை இழுத்து, ஸ்கேலை வைத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். “இடப்பக்கம் மூணுல ஒரு பங்கைச் சும்மா விடு. வலப்பக்கம் பாடம், அதுவும் உன் வார்த்தையில. சார் வாக்கியத்தை முடிக்கிறவரைக்கும் பேனாவைக் கீழ வை. கேட்டுட்டு அப்புறம் எழுது. சாயங்காலம் உக்காந்து, இடப்பக்கத்துல உனக்கு என்ன கேள்வி வருதோ அதை எழுது. எங்க வக்கீலுங்க அப்படித்தான் குறிப்பெடுப்பாங்க.”

“கேள்வியே வரலைன்னா?”

“வெறும் இடத்தைப் பார்த்தா தானா வரும்.” எழுந்தவள் ஹேர்பின்னைச் செருகிக்கொண்டே சொன்னாள். “எங்களுக்கு முதல் நாளே ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. யாரும் பேசலைன்னா கை நிக்கணும். நிக்கலைன்னா எழுந்து வெளிய போயிடணும்.”

பழைய நோட்டை மூடப் போனவளின் விரல் ஒரு வரியில் நின்றது. “இது யாரு சொன்னது?”

“சார்தான். பஸ்ஸுல இடம் கிடைக்கலைன்னு புலம்பியிருப்பாரு.”

“அவரு புலம்புனதையெல்லாம் பேச்சு மாதிரிதானே எழுதியிருக்க. இது பாடம் சொல்ற மாதிரி இருக்கே.” கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, தன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவனுடைய பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கல்லூரிக்கு ஐம்பது நிமிடம். திருந்துவது என்று முடிவு செய்துவிட்டால் மனிதன் முதலில் ஸ்கேலைத்தான் எடுக்கிறான், டேப்பும் எடுத்தான். புது நோட்டின் தொண்ணூற்றாறு பக்கங்களுக்கும் கோடு போட்டான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கோடு கொஞ்சம் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓட்டுநரின் குலத்தை மனதுக்குள் விசாரித்தான். ஆனாலும் முடித்துவிட்டு, வெறிச்சென்றிருந்த இடப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, பெருக்கித் துடைத்த அறைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நிம்மதி வந்தது.

பிறகு பழைய நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்தான். பாடம் அல்லாத எல்லாவற்றையும் அடித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதானே பாடம்? இருமல்களை அடித்தான். தும்மல்களை அடித்தான். கதவைச் சாத்தச் சொன்ன பதினொரு இடங்களை அடித்தான். முதல் வாரத்தில், மண்ணின் வகைகளுக்கு நடுவே ஒரு சொல் இருந்தது.

‘கேட்கிறதா.’

சார் கேட்டிருப்பார். அடித்தான்.

இரண்டாம் வாரம்: ‘கேட்க வேண்டாம். எழுது.’

பேனா கொஞ்சம் தயங்கியது. அடித்தான்.

நான்காம் வாரம்: ‘நிறுத்தாமல் எழுது.’ ஏழாம் வாரம்: ‘வரிகளுக்கு நடுவில் நெருக்கமாக இருக்கிறது.’ ஒன்பதாம் வாரத்திலிருந்து, ‘எனக்கு இடம் போதவில்லை.’ முதலில் ஒரு வகுப்புக்கு ஒரு முறை. பிறகு பக்கத்துக்கு ஒரு முறை. கடைசியாக நடந்த வகுப்பில், ஒரே பக்கத்தில் நான்கு முறை. கடைசியில் இருந்த வரியின் எழுத்துகள் மேல் வரியோடும் கீழ் வரியோடும் முட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி நின்றன.

சிவப்புப் பேனாவை மூடினான். பஸ்ஸுக்குள் டீசல் வாடை, யாருடைய ஈரக்குடையோ என்று நினைக்க வைக்கிற ஒரு வாடை. ஈர மண் வாடை. ஒரு மாதமாக மழை இல்லை. குனிந்து நோட்டை முகர்ந்து பார்த்தான். பக்கத்தில் இருந்தவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் காத்திருந்தான். டேப்பின் பெஞ்ச் தோழன். அவன் பட்டப்பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

“வாடா என் படியளக்கிற தெய்வமே! கடைசி நாலு பக்கம் குடு, பிரதி எடுத்துட்டு வந்துடறேன்.”

“இதைப் பாரு. இந்த வரியை சார் எப்ப சொன்னாரு?”

ஜெராக்ஸ் பார்த்தான். “எனக்கு எப்படித் தெரியும்? நீ எழுதுறேங்கிற தைரியத்துலதானே நான் தூங்குறேன்.”

“இது பாடம் மாதிரியா இருக்கு உனக்கு?”

“பாடம் மாதிரி, பாடம் இல்லாத மாதிரின்னு பிரிச்சுப் பார்க்க நான் என்ன சாரா? அப்படியே உருப்போட்டேன். போன தேர்வுலகூட எழுதினேனே. புள்ளிகூட மாறாம.”

“அர்த்தம் புரியாமயா?”

“அர்த்தம் பார்த்தா மறந்துடும் மச்சான்.” அதற்குள் அவன் கை புது நோட்டைத் திறந்துவிட்டது. “என்னடா இது, கோடெல்லாம் போட்டிருக்க? புது வித்தையா?”

“அக்கா சொல்லிக் குடுத்தது. இடப்பக்கம் சும்மா விடணும்.”

“நீ பண்றேன்னா அதுல விஷயம் இருக்கும்.” டேப்பு தடுப்பதற்குள் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு ஜெராக்ஸ் பிரதிக் கடைப் பக்கம் ஓடிவிட்டான்.

பதினொரு மணிக்கு சார் கூப்பிட்டனுப்பினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். மெதுவாக வருவார், மேலே ஏறுவார், ஏறிய இடம் தட்டையாகிவிடும். ஆசிரியர் அறையில் அவர் மேசையில் போன தேர்வின் விடைத்தாள்கள் கட்டாகக் கிடந்தன. சுவரோரம் பீரோக்களின் மேல் பழைய வரைபடங்கள் சுருண்டு கிடந்தன. ஒரு குழாய் எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்தது.

“வாய்யா, ஆசிரியரே!” என்றார். “நான் முப்பது வருஷமா இதே பாடம் நடத்துறேன். எனக்கு இடம் போதலைன்னு யார்கிட்டயாவது புலம்பியிருக்கேனா? என் வீட்டுலயே எனக்கு இடமில்லை, அங்ககூட நான் வாயைத் திறந்தது கிடையாது. முப்பத்தொரு பேப்பர். முப்பத்தொண்ணுலயும், களிமண் கேள்வியில, அதே வரி. நேத்துதான் வரிசையா அடுக்கிப் பார்த்தேன். இது என்ன விளையாட்டு?”

“நீங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்.”

“நான் சொன்னேனா?”

சார் சொல்லவில்லை என்றால், காதுக்கு அருகில் வேறு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவன் இடம் மூன்றாவது பெஞ்ச், சுவரோரம். வலப்பக்கம் ஜெராக்ஸ், தூக்கத்தில். இடப்பக்கம் சுவர்.

“சரி, அது போகட்டும். உன் கதைக்கு வருவோம். படிக்கத் தெரியுமா உனக்கு?” சார் கட்டிலிருந்து அவனுடைய தாளை உருவி முன்னால் வைத்தார். விடைத்தாளின் இடது ஓரத்தில், மதிப்பெண் போடுவதற்காகக் கோடு போட்டு ஒதுக்கிய பட்டையில், ஒவ்வொரு பக்கமும் அச்சடித்திருந்தது: இந்த ஓரத்தில் எழுதக் கூடாது.

அதற்குக் கீழே எழுதியிருந்தது.

எறும்பு எழுத்தில். மேலிருந்து கீழ்வரை. வரிக்கு வரி இடைவெளி இல்லாமல். ‘இங்கேயும் போதவில்லை இங்கேயும் போதவில்லை இங்கேயும்.’ பக்கம் திரும்பியது. அங்கேயும் அப்படியே. எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் எழுத்துகள் அவ்வளவு நெருங்கியிருந்ததால், அந்தப் பட்டை தூரத்திலிருந்து பார்க்க நீலச் சாயம் பூசியது மாதிரி இருந்தது.

“நான்... நான் இதை எழுதலை சார்.”

“உன் கையெழுத்து இல்லையா?”

அவன் கையெழுத்து.

“விடை மோசமில்லை. அம்பதுக்கு முப்பத்தெட்டு வரும். ஆனா ஓரத்துல எழுதினா தாள் செல்லாது. விதி. முதல் தேர்வுலயும் இதே கூத்துதான். மேல போட்ட சுழியைப் பார்த்துட்டு, உள்ள புரட்டிப் பார்க்காமயே போயிட்ட, இல்லை?”

ஆமாம். இரண்டு முறையும் முகப்பில் சுழியைப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆறு மாதமாகத் தன்னை மண்டு, மக்கு, மரமண்டை என்று அகராதி போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறான். முப்பத்தெட்டு. பயத்துக்கு முன்னால் அவனுக்கு வந்தது ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம், போக இடமில்லாமல் காதுமடலில் சுட்டது.

“பார்க்க நல்ல பையனா இருக்க,” சாரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னிக்குக் கடைசிப் பாடத்தை அரை மணி நேரம் சொல்லிட்டு, அதுக்கப்புறம் தேர்வு வைக்கிறேன். ஓரத்துல ஒரு புள்ளி இருந்தாலும் என்னால காப்பாத்த முடியாது. புரியுதா? கையைக் கட்டிப் போடு.”

நடைக்கூடத்துக்கு வந்ததும்தான் டேப்புக்கு உறைத்தது. தோளில் தொங்கிய பையின் எடையில் உறைத்தது.

ஓரம் ஒரு விரற்கடை அகலம். அது போதவில்லை.

அவன் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, நேர்த்தியாக, தொண்ணூற்றாறு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கை ஒழித்துக் கொடுத்திருக்கிறான்.

கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குப்பைத்தொட்டி இருந்தது. புது நோட்டைத் திறக்காமலே அதற்குள் போட்டான். பழைய நோட்டையும் போட்டான். இரண்டு நிமிடம் கழித்து, நாலைந்து பேர் பார்க்க, நல்ல பேனாக்கள் மூன்றையும் போட்டான். கையை முழங்கைவரை கழுவினான். அக்காவுக்கு அழைத்தான்; நீதிமன்ற நேரத்தில் அவள் போன் அணைந்துதான் இருக்கும், இருந்தது. கண்ணாடியில் தெரிந்தவனிடம், “இனிமே கேட்கிறது மட்டும்தான். எழுதறதில்லை,” என்றான். கண்ணாடிக்காரன் நம்பின மாதிரித் தெரியவில்லை.

இரண்டு மணி. வெயில் வெள்ளையாக அடித்தது. நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. இந்த வெளிச்சத்தில் என்ன நடந்துவிடும் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டான். மூன்றாவது பெஞ்சில் போய், சுவருக்கும் தனக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சுவர் குளிர்ந்திருந்தது. மூன்று விசிறிகளில் ஒன்று, சுற்றுக்கு ஒரு முறை, தொண்டையைச் செருமுவது மாதிரி சத்தம் போட்டது.

ஜெராக்ஸ் வரிசை வரிசையாகத் தாள் விநியோகித்துக்கொண்டிருந்தான். “எடுத்துக்கோ, எடுத்துக்கோ, டேப்போட புது முறை. ஆளுக்கு ஒண்ணு.” டேப்பின் முன்னால் ஒரு தாள் வந்து விழுந்தது. பிரதி இயந்திரத்தின் சூடு இன்னும் ஆறாத தாள். மேலிருந்து கீழாக அவன் போட்ட கோடு; மூன்றாவது அங்குலத்தில், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது துள்ளிய அதே துள்ளலோடு. நாற்பது பேர் முன்னாலும் அதே கோடு. அதே துள்ளல்.

“டேய், இதையெல்லாம் திரும்ப வாங்குடா,” என்றான். “சொல்றேன்ல. வாங்குடா.”

“பொறாமையாடா? ஊருக்கே பயன்படட்டும்!”

சார் வந்துவிட்டார். நாற்பது பேனாக்கள் திறந்தன. டேப்பு இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்தான்.

சார் சொல்ல ஆரம்பித்தார். டேப்பு, மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாக, கேட்டான்.

அது ஒரு விசித்திரமான அனுபவம். சாருக்கு நல்ல குரல் என்று தெரிந்தது. அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் லேசாக மூச்சை இழுப்பது தெரிந்தது. பாடம் புரிந்தது! நனைந்த களிமண்ணின் மேல் ஒரு கட்டடத்தை வைக்கிறோம். அந்தச் சுமையை முதலில் தாங்குவது மண் அல்ல; துளைகளுக்குள் இருக்கிற நீர். நீர் இருக்கிறவரை மண்ணுக்குச் சுமை என்றால் என்னவென்றே தெரியாது. நீர் மெல்ல வெளியேறுகிறது. அது வெளியேற வெளியேற, அதுவரை நீர் தாங்கிய சுமை முழுக்க மண்ணின் மேல் வந்து இறங்குகிறது. இவ்வளவுதானா? இதற்கா ஆறு மாதம் செத்தோம்? அவனுக்குச் சிரிப்பே வந்தது. தேர்வுக்கு மட்டும் ஒரு பேனாவை இரவல் வாங்கினால் இன்றைக்குத் தேறிவிடலாம். தாராளமாகத் தேறிவிடலாம்.

தொடைக்கடியில் கைகள் மரத்துப் போயிருந்தன. சுற்றிலும் நாற்பது பேனாக்களின் சத்தம், காய்ந்த இலைகளின் மேல் ஏதோ ஊர்கிற மாதிரி. இத்தனை நாள் இந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததால் கேட்டதில்லை. ஏறியது, இறங்கியது, ஏறியது.

சார் நிறுத்தினார். இருமினார். மேசையிலிருந்த பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

பேனாக்கள் நிற்கவில்லை.

டேப்பு அதை உணர ஒரு விசிறிச் சுற்று ஆனது. சாரின் தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறையத் தண்ணீர். யாரும் பேசவில்லை. நாற்பது கைகளும் எழுதிக்கொண்டிருந்தன.

யாரும் பேசலைன்னா கை நிக்கணும்.

மெதுவாகத் தலையைத் திருப்பினான். ஜெராக்ஸ் தாளைப் பார்க்கவில்லை. யாருமே தாளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாடம் கேட்கிற முகத்தோடு, கொஞ்சம் சலிப்பாக, கொஞ்சம் தூக்கமாக. கை மட்டும். ஜெராக்ஸின் கை கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தது. அந்த வெற்றிடத்தில் பெரிய எழுத்துகளாக, தாராளமாக, காலை நீட்டி, எழுதிக்கொண்டிருந்தது.

‘இங்கே ஒரு கை குறைகிறது.’

முன் பெஞ்ச் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தான். அதே வரி. அதற்கு முன்னால் இருந்தவன். அதே வரி.

எல்லாப் பேனாக்களும் ஒரே சமயத்தில் அடுத்த வரிக்குத் தாவின.

‘பேனாவைக் கீழே வைத்தவன் யார்.’

“டேய்,” என்று ஜெராக்ஸின் முழங்கையைப் பிடித்தான். இழுத்தான். முழங்கை இரும்பாக இருந்தது. “டேய், நிறுத்துடா. டேய்.”

“என்னடா?” ஜெராக்ஸ் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவனுடைய அதே சிரிப்பு. கை நிற்கவில்லை. “எழுத விடுடா. இதை விட்டா நான் எங்க போறது?”

‘மூன்றாவது பெஞ்ச்.’

ஈர மண் வாடை.

‘சுவரோரம்.’

எழுந்து வெளியே போயிடணும். அக்கா சொன்னாள். எழுந்தான். எழ நினைத்தான். இடத் தோளில் கனம். பை அல்ல. பை கீழே விழுந்து கிடந்தது. கனம் தோளிலிருந்து கழுத்துக்கு வந்தது, அவசரமில்லாமல், ஈரக் களிமண்ணின் மேல் ஒரு கட்டடம் இறங்குகிற மாதிரி. கையில் இல்லை. கை காலியாக, வெறுமையாக, அவன் சொன்னபடியே தொடைக்கடியில் கிடந்தது. அதற்கு இனிமேல் கை தேவையில்லை.

பேனாக்கள் நின்றன.

அப்படி ஓர் அமைதியை அவன் கேட்டதில்லை. விசிறிகூடச் செருமவில்லை. சார் பாட்டிலை மூடினார். உதட்டைத் துடைத்தார். நாற்பது முகங்களும் மெல்ல, பலகையிலிருந்து, அவன் பக்கம் திரும்பின.

“எங்க விட்டேன்?” என்றார் சார். அவனிடம்தான் கேட்டார். எப்போதும் அவனிடம்தான் கேட்பார். நோட்டைப் பார்த்துச் சொல்கிறவன் அவன்தானே.

தெரியலை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

வாய் திறந்தது. நாக்கு புரண்டது. தொண்டை அதிர்ந்தது. அவன் பேசுகிறான் என்று அவனுக்குத் தெரிந்தது. என்ன பேசுகிறான் என்று கேட்கவில்லை. காதுக்குள் ஈர மண் அடைத்த மாதிரி, ஒரு சத்தமும் இல்லை. எதிரே நாற்பது தலைகள் குனிந்தன. நாற்பது பேனாக்கள் ஓடின. அவன் நிறுத்த நினைத்தான். பேனாக்கள் ஓடின. பல்லைக் கடிக்க நினைத்தான். ஓடின. சார் தலையாட்டினார், நல்ல விடையைக் கேட்டவர் மாதிரி, பரிவோடு. திரும்பினார். சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். மூன்றாவது அங்குலத்தில் கோடு துள்ளியது.

கோட்டுக்கு இடப்பக்கம் எழுத ஆரம்பித்தார். தன் வாயிலிருந்து வருவது என்னவென்று, எல்லோரையும் போல, டேப்பும் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

‘இப்போது இடம் போதும்.’

நாற்பது பேனாக்கள் ஒன்றாகப் புள்ளி வைத்தன. அந்தச் சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது.

பிறகு நாற்பது முகங்களும் நிமிர்ந்து, அடுத்த வரிக்காக அவன் வாயைப் பார்த்தன. வெயில் பெஞ்சுகளின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. அவன் வாய் இன்னும் மூடவில்லை.